முதல் வரிசை, பதினோராவது ஆள்

திண்டுக்கல்
14.9.2025

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவின் மக்கள்தொகை முப்பத்தெட்டிலிருந்து முப்பத்தொன்பதாக உயர்ந்துவிட்டது. வேடசந்தூரிலிருந்து அல் அமீன் என்ற குடிமகன் இடம்பெயர்ந்து வந்து, என் பெஞ்சில் பாதியை ஆக்கிரமித்திருக்கிறான். உலக நாடுகள் இன்னும் வாய் திறக்கவில்லை.

அன்புள்ள ஏஞ்சலின் அக்காவுக்கும், இதை உனக்கு முன்பே படித்துவிடும் மதர் அவர்களுக்கும் பிராங்கிளின் எழுதுவது. இங்கு நலம். ஏற்காட்டுக் குளிரில் உன் மூக்கின் நலத்துக்காக மாதாவிடம் வேண்டுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. அப்பா மில்லுக்குப் போகிறார், வருகிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் 22 கணித நாள். எங்கள் கணக்கு மிஸ் தேவதர்ஷினி, “ஒவ்வொரு வகுப்பும் ஏதாவது செய்யணும், யார் பொறுப்பு?” என்றார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் தெரியாத்தனமாக மிஸ்ஸைப் பார்த்துவிட்டேன். “பிராங்கிளின் இருக்க பயமேன்” என்று நானே சொல்லியும்விட்டேன். இப்போது பயமாக இருக்கிறது. கணக்கில் பி.எஸ்சி. முடித்த ஒரே அக்காவை மலைமேல் ஏற்றிவிட்டு நாங்கள் படும் பாட்டைப் பார். ஒரு யோசனை அனுப்பு.

சிஸ்டர் ஆவதற்கு முன்பிருந்தே நீ எனக்கு சிஸ்டர் என்பதை மறவாத,
பிராங்கிளின்

*

ஏற்காடு
2.10.2025

பாசமுள்ள தம்பிக்கு,

இயேசுவுக்கே புகழ். உன் கடிதத்தை மதர் சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்தார். என் மூக்கை விசாரிக்காத ஆள் இப்போது மடத்தில் இல்லை. மூக்கு நலம்.

டேய், முப்பத்தொன்பதா! நன்றாக எண்ணினாயா? நம் வீட்டு பீரோவின் இடது கதவைத் திறந்து உள்பக்கம் பார். பன்னிரண்டாம் வகுப்பில் கறுப்பு மார்க்கரால் நான் எழுதிய எண் இருக்கும். அது பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதாலும் வகுபடாது. நூற்றிருபத்தேழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வந்ததில் ஒன்றைக் கழித்தால் அது கிடைக்கும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பு, ஒரு பிரெஞ்சுக்காரர் கையாலேயே கணக்குப் போட்டு அது பகா எண்தான் என்று நிரூபித்தார். அடுத்த எழுபத்தைந்து வருஷம் அதைவிடப் பெரிய பகா எண்ணை யாராலும் காட்ட முடியவில்லை.

இன்னொன்று. இரண்டு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழி, மூன்று. மூன்று இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழி, ஏழு. ஏழு இரண்டுகள் என்றால் நூற்றிருபத்தேழு. நூற்றிருபத்தேழு இரண்டுகள் என்றால் பீரோ கதவு. எல்லாமே பகா எண்கள். அதற்கடுத்தது பகா எண்ணா என்று இன்றுவரை உலகத்தில் யாருக்கும் தெரியாது.

கதவில் இருப்பது எத்தனை இலக்கம் என்று எண்ணிப் பார். பிறகு உன் வகுப்பை எண்ணு. ஆளுக்கு ஓர் இலக்கம்.

நான் துறவற வாக்குக் கொடுக்கும் முதல் வார்த்தைப்பாடு மே 24, பெந்தகோஸ்து ஞாயிறு என்று முடிவாகிவிட்டது. அன்று ஒவ்வொரு பெண்ணையும் கோயில் வாசலிலிருந்து பீடம் வரை அப்பாவும் அம்மாவும் இருபக்கமும் நின்று அழைத்து வரவேண்டும். அப்பாவுக்கு மில்லில் வேலை அதிகமோ? நான் கிளம்பி வந்த நாளிலிருந்து அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. உன் கடிதத்திலும் ‘போகிறார், வருகிறார்’ என்பதோடு நின்றுவிட்டார்.

அம்மாவின் முழங்காலுக்கு என் முத்தம்.

ஏஞ்சலின்

*

திண்டுக்கல்
19.10.2025

மலைமேல் வாழும் மாமேதை அக்காவுக்கு, சமவெளிவாழ் தம்பியின் வணக்கம். எல்லோரும் சுகம்.

எண்ணிவிட்டேன். முப்பத்தொன்பது! அல் அமீனைக் கட்டிப்பிடித்து, “நீ வந்ததே ஒரு கணக்குக்குத்தாண்டா” என்றேன். அவன் மிரண்டு தள்ளி உட்கார்ந்தான். எனக்கு பெஞ்சில் இடம் கிடைத்தது.

முப்பத்தொன்பது பகா எண் இல்லை என்பதால் பதின்மூன்று பேராக மூன்று வரிசை நிற்கப்போகிறோம்:

1701411834604
6923173168730
3715884105727

பங்கீட்டில் போர் மூண்டது. நான்கு பூஜ்யம் இருக்கிறது, நிற்கத்தான் ஆள் இல்லை. “ஏலே, நான் என்ன பூச்சியமா? எங்கப்பாகிட்ட சொல்வேன்” என்று பொன்னழகு அழாத குறை. “அப்பு, நீ விலகிட்டா இந்த எண்ணு பத்துல ஒரு பங்கா சுருங்கிரும்லே. அம்புட்டு பெரிய ஆளு நீ” என்றேன். இப்போது பூஜ்யத்தை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்கிறான். முதல் வரிசையில் பன்னிரண்டாவது ஆள் அவன். அவனுக்கு இடப்பக்கம், பதினோராவது ஆளாக, ஆறைப் பிடித்து நிற்பது நான். கிரிக்கெட்டிலும் நான் பதினோராவது ஆள்தான் என்பதால் பழகிய இடம்.

தகடுகளுக்கும் வழி செய்தாயிற்று. கோயிலில் பாட்டு எண்ணைக் காட்ட இப்போது டிவி வைத்துவிட்டார்கள். பழைய பலகையில் மாட்டும் எண் தகடுகள் மூட்டையாகக் கிடக்கின்றன. கோயில்பிள்ளை ஸ்தனிஸ்லாஸ் தாத்தா, “எடுத்துக்க தம்பி. ஆறும் ஒம்போதும் ஒரே தகடுதான், திருப்பிக்கிட்டாப் போதும்” என்று கொடுத்தார்.

அப்பாவைப் பற்றி எழுதச் சொன்னாய். திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர் அல்லவா, அதில் ஒன்று அப்பா வாயில் தொங்குகிறது. நீ எம்.எஸ்சி. சேர்ந்து காலேஜில் பாடம் எடுப்பாய் என்று மில் முழுக்கச் சொல்லி வைத்திருந்தவர் அல்லவா. போன ஞாயிறு பீரோவுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தார், உள்ளும் புறமும். உன் எண் இருக்கும் இடத்தை மட்டும் அடிக்காமல் விட்டுவிட்டார். பார்க்கச் சகிக்கவில்லை. “ஏம்ப்பா?” என்றால், “பெயிண்ட் தீர்ந்துபோச்சு” என்றார். டப்பாவைத் திறந்து பார்த்தேன், பாதி இருந்தது. சோம்பேறித்தனத்தில் நான் அவருக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறேன்.

பூஜ்யங்களுக்குத் தலைவன்,
பிராங்கிளின்

*

ஏற்காடு
16.11.2025

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. நலம். குளிருக்கு இரண்டு சுவெட்டர்.

ஆறும் ஒன்பதும் ஒரே தகடு என்றால் ஆபத்து. ஆறு பிடிப்பவர்கள் மூன்று பேர், ஒன்பது ஒருவர். நால்வர் தகட்டிலும் அடிப்பக்கம் ஒரு கோடு போட்டுவிடு. ஒரே ஒரு தகடு தலைகீழானாலும் அது வேறு எண். பாதி டப்பா பெயிண்ட் மிச்சம் என்றாயே, அதிலேயே போடு.

நிச்சயமாகப் பாதிதானா? நன்றாகப் பார்த்தாயா?

திருவருகைக் காலம் தொடங்கினால் கிறிஸ்துமஸ் வரை நாங்கள் கடிதம் எழுதக் கூடாது. வந்தாலும் பிறகுதான் கைக்குக் கிடைக்கும். மே 24-க்கான அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. அப்பாவிடம் வருகிறாரா என்று கேள்.

வேண்டாம், கேட்காதே.

ஏஞ்சலின்

(ஓரத்தில் பென்சிலில்: கோடு போட மறக்காதே. — மதர்)

*

திண்டுக்கல்
23.12.2025

அக்காவுக்கும் மதருக்கும் மடத்தின் சகல மூக்குகளுக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்!

வெற்றி! நேற்று நடந்த விழாவை வருணிக்கத் தமிழில் போதிய சொற்கள் இல்லை. இருப்பதை வைத்து ஒப்பேற்றுகிறேன். மைதானத்தில் மூன்று வரிசை. முப்பத்தொன்பது தகடுகள் வெயிலில் மின்னின. தேவதர்ஷினி மிஸ் மைக்கில், “இது எதாலும் வகுக்க முடியாத எண்!” என்றதும் கைதட்டல் மலைக்கோட்டைவரை போய் முட்டித் திரும்பியது. எட்டாம் வகுப்புக்காரர்கள் செய்த அட்டைக் கூம்பை ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இத்தனையையும் உயரத்திலிருந்து மேற்பார்வை செய்து நடத்தியவன் உன் தம்பி. தளபதி எங்கேயாவது வரிசையில் நிற்பானா? ஆகையால் கடைசி நேரத்தில் என் இடத்துக்கு வேறொருவரை ஏற்பாடு செய்துவிட்டேன். நீயும் மதரும் சொன்னபடி கோடும் போட்டாயிற்று.

மாடி வராந்தாவிலிருந்து எடுத்த போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்து மகிழ்க.

பகா எண்ணைப் படைத்தவன் கடவுள், நிற்கவைத்தவன்,
பிராங்கிளின்

*

ஏற்காடு
4.1.2026

தம்பி,

புத்தாண்டு ஆசீர். எல்லோரும் சுகமா?

போட்டோவில் முதல் வரிசை, பதினோராவது ஆள் மில் சட்டை போட்டிருக்கிறார்.

பெயர்கூட எழுதாமல் ‘வேறொருவர்’ என்று எழுதியிருக்கிறாயே, எருமை. இரண்டரை வருஷம் கழித்து அவர் முகத்தைப் பார்க்கிறேன். காதோரம் இம்புட்டு நரைத்தது எப்போது? மதர் பூதக்கண்ணாடி கொடுத்தார். தகட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ரேஷன் கார்டு போட்டோவுக்கு நிற்பதுபோல் நிற்கிறார். அப்பா எதற்காகப் பள்ளிக்கூடம் வந்தார்? ஒழுங்காக எழுது.

இன்னொரு விஷயம். அவர் பிடித்திருப்பது ஒன்பது.

கோடு போட்டேன் என்றாய். போட்டோவில் கோட்டைக் காணவில்லை. போகட்டும். ஒன்பது வந்தால் அது வேறு எண் அல்லவா, அதுவும் பகா எண்தானா என்று பார்க்க ஆசை வந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் இரண்டு தாளை நிரப்பினேன். மூன்றால் வகுபடவில்லை. ஏழு, பதினொன்று, பதின்மூன்று, பதினேழு, பத்தொன்பது, இருபத்துமூன்று, எதற்கும் மசியவில்லை. பென்சிலைச் சீவிக்கொண்டேன். இருபத்தொன்பதில் விழுந்துவிட்டது. மீதி இல்லை.

இருபத்தொன்பது உன் ரோல் நம்பர்தானே?

மூன்று வருஷமாகப் பென்சில் பிடித்து ஒரு கணக்கும் போடவில்லை. நன்றாக இருந்தது. இதை அப்பாவிடம் சொல்லாதே. தன்னால் கெட்டது என்று நினைத்துக்கொள்வார்.

ஏஞ்சலின்

*

திண்டுக்கல்
18.1.2026

அன்பு அக்காவுக்கு, பொங்கல் தின்று உப்பிய தம்பி எழுதுவது. சிறுமலைப் பழம் ஒரு சீப்பு தனியாக அனுப்பியிருக்கிறோம். அழுகாமல் வந்தால் உன் பாக்கியம்.

நீ ‘அப்பாவிடம் சொல்லாதே’ என்று எழுதினாய். நான் சொல்லவில்லை. தபால்காரர் வந்த நேரத்தில் வாசலில் நின்றவர் அப்பா. ‘சொல்லாதே’ என்பதையும் சேர்த்து அவரே படித்துவிட்டார்.

“பென்சில் இருக்காடா?” என்றார். மில்லில் நூல் கண்டோடு வரும் லேபிள் தாள்களைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா, “சோறு ஆறுது, வெஞ்சனம் என்ன வேணும்?” என்று கேட்டதற்கு, “அஞ்சு போக மீதி இருபத்தஞ்சு” என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் விட்டத்தைப் பார்த்தேன். “என்ன கணக்கு அது?” “மில்லுக் கணக்கு. செத்த நேரம் சும்மா இரு.”

மில்லில் அவ்வளவு பெரிய எண்ணுக்கு நூற்றால் அந்த நூல் நிலாவுக்குப் போய்த் திரும்பி மீண்டும் போகும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. என் வாழ்நாளில் நான் சொல்லாமல் விட்ட முதல் ஜோக் அது.

அப்பா பள்ளிக்கூடம் வந்தது பற்றிக் கேட்டாய். கலை ஆர்வம்தான்! கடைசியில் பார்த்தாயா, பூட்டைத் திறந்த சாவி யார்? எல்லாம் நான் போட்ட திட்டம்.

சாவி,
பிராங்கிளின்

*

திண்டுக்கல்
8.2.2026

அன்பு மகள் ஏஞ்சலினுக்கு அப்பா சேவியர் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல்.

இருபத்தொன்பதால் வகுத்தேன். முதல் தடவை மீதி நான்கு வந்தது. இரண்டாம் தடவை மீதி பதினேழு. நீ தவறு செய்யமாட்டாய் என்பதால் மூன்றாம் தடவை ஒவ்வொரு வரியையும் சரிபார்த்துப் போட்டேன். மீதி இல்லை. விடை முப்பத்தேழு இலக்கம். 58669 என்று தொடங்கி 3-இல் முடிகிறது. உன் விடையும் அதுதானா என்று தெரிவிக்கவும். தாளை இணைத்துள்ளேன்.

தகட்டைத் தலைகீழாகப் பிடித்தது நான்தான். நெஞ்சோடு பிடித்துக் குனிந்து பார்த்ததில் குழம்பி, வெளியே தெரிவது ஆறா ஒன்பதா என்று பக்கத்தில் பூஜ்யம் வைத்திருந்த பையனைக் கேட்டேன். அவன், “நான் பூச்சியம் மட்டுந்தாய்யா பாத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டான்.

நீ படித்ததெல்லாம் வீணாகப் போயிற்று என்று நினைத்திருந்தேன். இரண்டு தாளில் வகுத்திருக்கிறாய்.

மே 24-க்கு மில்லில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் உனக்கு வலப்பக்கம் நிற்க வேண்டுமா, இடப்பக்கமா என்று எழுதவும். இந்தத் தடவை முன்கூட்டியே தெரிந்துகொள்கிறேன்.

அப்பா

*

ஏற்காடு
15.2.2026

அப்பாவுக்கு,

வலப்பக்கம்.

விடை அதேதான் அப்பா. 3-இல்தான் முடிகிறது.

புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது. இனி ஈஸ்டர் வரை எழுத முடியாது. அதனால் எழுதவில்லையே என்று நினைக்க வேண்டாம். மில் லேபிள் தாளை என் ஜெபப் புத்தகத்தில் வைத்திருக்கிறேன். மதர் கேட்டார், “இது எந்த ஜெபம்?” என்று. தெரியவில்லை என்றேன்.

அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் அனுப்புகிறேன்.

உங்கள் மகள்,
ஏஞ்சலின்

சாவிக்கு ஒரு வரி: திட்டம் உன்னுடையது என்றால் கோடு எங்கே, அப்பா ஏன் வந்தார், நீ எங்கே இருந்தாய்? தவக்காலம் வருகிறது. பாவசங்கீர்த்தனம் செய்.

*

திண்டுக்கல்
22.2.2026

தவக்காலத்தில் இருக்கும் அக்காவுக்கும், இதை இன்றே படித்துவிடப்போகும் மதருக்கும், பாவியான பிராங்கிளின் எழுதுவது. உடல் நலம். ஆன்மா சுமார். அக்கா கைக்கு இது ஈஸ்டரில்தான் கிடைக்கும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் கடைசியாக உண்மை சொல்லி ஏறக்குறைய நான்கு மாதம் ஆகிறது.

கோடு போடவில்லை. போடுவதற்கென்றுதான் பாதி டப்பா பெயிண்ட்டைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். 22-ஆம் தேதி காலை பிரஷ்ஷை நனைத்ததும் கை வேறுபக்கம் போய்விட்டது. ஓர் அட்டையில் ‘பெயிண்ட் ஈரம். உட்காராதீர்கள்’ என்று எழுதி எச்.எம். நாற்காலியில் வைத்தேன். நாற்காலியில் ஒரு சொட்டு பெயிண்ட் கிடையாது. பாவம் மனிதர், ஒன்பதிலிருந்து பத்தரை வரை நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார். பிறகு தொட்டுப் பார்த்தார். பிறகு என் பச்சை விரல்களைப் பார்த்தார்.

அப்பாவுக்கு போன் போனது. நைட் ஷிஃப்ட் முடித்து மில் பஸ்ஸில் வந்து இறங்கியவர், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வந்தார். கலை ஆர்வமெல்லாம் இல்லை. என்னால் வந்தார்.

விழா நடந்தபோது நான் எச்.எம். அறை வாசலில், மாடி வராந்தாவில் முட்டிபோட்டிருந்தேன். ‘உயரத்திலிருந்து மேற்பார்வை’ என்று எழுதினேனே, அது அதுதான். கம்பிகளின் இடுக்கில் எல்லாம் தெரிந்தது. கீழே முப்பத்தெட்டுப் பேர் நிற்கிறார்கள். பதினோராவது இடம் பல் விழுந்த வாய் மாதிரி. என் தகடு தரையில். மிஸ், “பிராங்கிளின் எங்க? ஏலே, யாராச்சும் அந்த எடத்துல நில்லுங்கப்பா” என்று கத்துகிறார்.

அப்பா என் பக்கத்தில்தான் நின்றார். திட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். கீழே பார்த்தார். உதடு அசைந்தது. தகடுகளைப் படிக்கிறார் என்று நினைத்தேன். இல்லை அக்கா, வாய் ஒவ்வோர் எண்ணையும் சொன்ன பிறகுதான் அவர் கண் அந்தத் தகட்டுக்குப் போனது. ‘ஒண்ணு ஏழு சுழி ஒண்ணு நாலு’ என்று மனப்பாடமாக வருகிறது அவருக்கு. அந்தக் கதவை அவர் எத்தனை தடவை திறந்து பார்த்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. “ஆறு இல்லையேடா” என்றார். படியிறங்கிப் போனார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. தகட்டை எடுத்து நின்றார். நான் ‘ஏற்பாடு’ செய்ததாக எழுதியது பச்சைப் பொய், பெயிண்ட்டை விடப் பச்சை.

தகடு ஆறு என்று தெரிந்தவர், எந்தப் பக்கம் பிடித்தால் ஆறு என்பதில் மாட்டிக்கொண்டார். அங்கே ஒரு கோடு இருந்திருந்தால் சரியாகப் பிடித்திருப்பார். கோடு இல்லாததற்கு நான் காரணம். இதை நேற்று அவரிடமும் சொல்லிவிட்டேன். “தெரியும்” என்றார். “கோடு போட்டிருந்தா உங்கக்கா வகுத்திருக்க மாட்டாளே” என்றார். பிறகு, “அதுக்காக இன்னொரு தடவை நாற்காலிப் பக்கம் போனே, தோலை உரிச்சிருவேன்” என்றார்.

ஆக, நான் சாவியும் இல்லை, தளபதியும் இல்லை. அந்தப் போட்டோவில்கூட இல்லை. முப்பத்தொன்பது பேரில் நான் ஒருவன் இல்லை. அந்த மாபெரும் பகா எண்ணில் என் பங்கு ஒன்றே ஒன்று: அதை வகுபடவைத்தது.

மே 24-க்கு அப்பா புதுச் சட்டை எடுத்துவிட்டார். கண்ணாடி முன் நின்று, வலக்கை எது என்று பார்த்துக்கொள்கிறார்.

மீதி எதுவும் வைக்காமல் சொல்லிவிட்ட,
உன் தம்பி,
ரோல் நம்பர் 29